தங்கேஸ்வரி இருபதில் நின்ற எட்டு வருஷம்

தங்கேஸ்வரிக்கு இருபத்தொரு வயது நிறைய வேண்டிய ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில் அந்த வயது வந்து சேரவில்லை. சிவகாசியில், காலண்டர் அச்சகங்களுக்குப் பின்பக்கமாக ஓடுகிற, காகிதத் தூசும் பசை வாடையும் மழைக்காலத்திலும் அடங்காத செல்லியம்மன் தெருவில், இதைத் தெரிந்துகொள்ள அவள் வீட்டாருக்கு மூன்று மாதமும் தெருவுக்கு ஒரு வருஷமும் பிடித்தது.

முதலில் கண்டுகொண்டவள் அம்மா ராஜபுஷ்பம். பிறந்தநாளுக்கு முந்தின நாள் மகள் வெட்டிக்கொண்ட நகம், தீபாவளி கழிந்து கார்த்திகை பிறந்தும் வெட்டின மேனிக்கே இருந்தது. எண்ணெய் தேய்த்துவிடும்போது கூந்தலைச் சாணாக அளந்து பார்த்தாள். ஒரு விரற்கடைகூடக் கூடியிருக்கவில்லை. ஈறைக் கிழித்துக்கொண்டு பாதி வெளியே வந்திருந்த கடைசிக் கடைவாய்ப்பல் அந்தப் பாதியிலேயே நின்றுபோயிருந்தது. மற்றபடி அவளுக்குப் பசித்தது, சாப்பிட்டாள். மாதவிலக்கு நாள் தவறாமல் வந்தது. மழையில் நனைந்தால் சளி பிடித்து ஒரு வாரத்தில் விட்டது. நாட்கள் எல்லார் வழியாகவும் போவதுபோலத்தான் அவள் வழியாகவும் போயின, வருஷம் மட்டும் அவள் மேல் படியவில்லை.

"என்னங்க, இவளுக்கு வயசு ஏறலை," என்று ராஜபுஷ்பம் கணவரிடம் சொன்னாள்.

சண்முகக்கனி ஒரு காலண்டர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் இருபத்தைந்து வருஷமாக நிற்பவர். சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்து, உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மகளை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "தேதி வர்ற வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அவர் சொன்ன தேதி இன்னதென்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். சண்முகக்கனியின் அக்கா செல்வக்கனி நர்ஸ் வேலைக்கு அமெரிக்கா போய், ஹூஸ்டனில் இருந்து, அந்த நாட்டுக் குடிமகளாகி, தங்கேஸ்வரிக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது தம்பி குடும்பத்தை அழைத்துக்கொள்ள மனுப் போட்டிருந்தாள். கூடப்பிறந்தவருக்குப் போடும் மனு எல்லா மனுக்களுக்கும் பின்னால் நிற்கும். மனுப் போட்ட தேதிதான் வரிசையில் நம்முடைய இடம். அந்தத் தேதிக்கு அழைப்பு வரும்போது தம்பியும் அவர் மனைவியும், கல்யாணமாகாத, இருபத்தொரு வயது நிறையாத பிள்ளைகளும் போகலாம். வயது நிறைந்த பிள்ளை உதிர்ந்துவிடும். கல்யாணமான பிள்ளையும் உதிர்ந்துவிடும். இதை அத்தை ஃபோனில் சொன்ன நாளிலிருந்து ராஜபுஷ்பம் மூத்த மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பாயசம் வைத்துவிட்டு, அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் பரிமாறினாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று வந்தபோது அவள் கோயில் கோயிலாகப் போனாள் என்றும், ஒரு கோயிலில் என்ன கேட்டாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை என்றும் தெருவில் பேச்சுண்டு. காரணத்தைப் பற்றி அதற்குமேல் யாரும் விசாரிக்கவில்லை.

தெரு அந்த விஷயத்தை எடுத்துக்கொண்ட விதம் இப்படி: பூக்காரம்மா பூ அளக்கும்போது அவள் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள், அப்புறம் பார்ப்பதை விட்டாள். ஜாக்கெட் தைக்கும் முனீஸ்வரி நோட்டில் அவள் அளவை ஒரே ஒரு தடவை எழுதி, அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் டேப்பை எடுக்காமலே தைத்தாள். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "தங்கேசு காதுக்கு வந்துட்டா, இன்னும் ரெண்டு வருஷம்," என்று உயரம் பார்த்தார்கள். கேபிள் டிவிக்காரன் ஒருத்தன் இதைப் பேட்டி எடுக்கலாம் என்று கிளம்பியபோது, பால்காரரில் இருந்து பஞ்சாயத்துப் பேசுகிறவர்கள் வரை எல்லாரும் சொல்லிவைத்ததுபோல, அப்படி ஒரு வீடே தெருவில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் குடும்பத்துக்குக் காகிதம் நடந்துகொண்டிருக்கிறது, காகிதம் நடக்கும் வீட்டைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பது அவர்களுக்குள் ஏற்பட்ட ஒழுங்கு.

தெருமுனையில் ஜெராக்ஸ் எடுக்கும், ஆன்லைனில் மனு நிரப்பித் தரும் கடை வைத்திருந்த ஜெஸிந்தா அந்த ஒழுங்குக்குக் காவல்போல இருந்தாள். அமெரிக்கக்காரர்கள் மாதாமாதம் வெளியிடும் அறிவிப்பில் எந்தத் தேதிவரை வரிசை நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, கடைக்கு வெளியே தொங்கும் கரும்பலகையில், லேமினேஷன் விலைக்குக் கீழே, சாக்பீஸால் அந்தத் தேதியை எழுதி வைப்பாள். சில மாதம் மூன்று வாரம் நகரும். சில மாதம் நாலு நாள். சில மாதம் அசையாது. ஒரு வருஷம் அது இரண்டு வருஷத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. அன்று ஷிஃப்ட் முடிந்து வந்து பலகையைப் பார்த்த ஆட்கள், இழவு வீட்டு வாசலில் நிற்பதுபோலச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுக் கலைந்துபோனார்கள்.

தங்கேஸ்வரி பி.காம். முடித்துவிட்டு, அப்பா வேலை செய்த அச்சகத்திலேயே தினசரி காலண்டர் தாள்களுக்குப் பிழை பார்க்கும் வேலைக்குப் போனாள். வரப்போகிற வருஷத்தின் திதியும் நட்சத்திரமும் விசேஷ நாட்களும் அவள் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போயின. அங்கே அவளுக்குச் சிநேகிதிகள் உண்டு, ஆனால் அந்தச் சிநேகிதம் ஒரு வருஷத்துக்கு மேல் நிற்காது. இருபது வயதில் வேலைக்கு வரும் பெண்கள் அவளோடு சேர்ந்துகொள்வார்கள், ஒரே டிபனில் சாப்பிடுவார்கள், பொங்கலுக்கு ஒரே நிறத்தில் சேலை எடுப்பார்கள். அடுத்த வருஷம் அவர்கள் இருபத்தொன்றுக்குள் போய்விடுவார்கள். போனவர்கள் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதைப் பற்றியும், அப்புறம் மசக்கையைப் பற்றியும், அப்புறம் பிள்ளைக்கு ஸ்கூலில் இடம் கிடைப்பதைப் பற்றியும் பேசிக்கொண்டு எதிரே வரும்போது, அவளைப் பார்த்துச் சிரித்து, "நல்லாருக்கியா பாப்பா?" என்று கேட்பார்கள். இப்படி ஏழெட்டுக் கூட்டம் அவளைக் கடந்து போயிற்று. முகம்தான் இருபதில் நின்றதே தவிர, அவர்கள் எல்லாரையும் ஞாபகம் வைத்திருந்த மனம் அங்கே நிற்கவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். தங்கை மாரிச்செல்வி நாலு வயது இளையவள். நாலு வருஷம் கழித்து ஒரு தைமாதம் முழுக்க இரண்டு பேரும் இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தார்கள், அப்புறம் தங்கை கடந்து போனாள். கடைத்தெருவில் ஆட்கள் மாரிச்செல்வியிடம், "தங்கச்சிக்கு என்ன வாங்கணும்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவளும் கொஞ்சநாள் மறுத்துச் சொல்லிப் பார்த்து, அப்புறம் அலுத்துப்போய், தங்கேஸ்வரிக்கு என்ன வளையல் எடுக்கலாம் என்று தானே முடிவு செய்யத் தொடங்கினாள்.

அதே அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்த ஜெயபாண்டி தங்கேஸ்வரியைப் பெண் கேட்டது அவள் நின்றுபோன முதல் வருஷம். அவனுக்கு அப்போது இருபத்துநாலு. சண்முகக்கனி அவனை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, உள்ளதைச் சொன்னார்: கல்யாணமானால் அவள் பெயர் விழுந்துவிடும், தேதி வரட்டும், அவள் போகட்டும், போன பிறகு அங்கிருந்தே உன்னைக் கூப்பிட்டுக்கொள்வாள். ஜெயபாண்டி சரி என்றான். ஆறு வருஷம் காத்திருந்தான். தினம் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருவான். முன்நெற்றியில் முடி ஏறிக்கொண்டே போயிற்று. அவன் அம்மாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்த வருஷம், அச்சகத்தின் மதியச் சாப்பாட்டு நேரத்தில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே வந்து நின்றான்.

"சாத்தூர்ல ஒரு பொண்ணு பாத்திருக்காங்க," என்றான்.

"எப்ப?"

"பங்குனியில. நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் நிறுத்திருவேன்."

தங்கேஸ்வரி கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். "என்னால சொல்ல முடியாதுங்க. பலகையில எழுதியிருக்கிறதுதான் என் வார்த்தை."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "நான் உன்னை முத முத பாத்தப்ப எப்படி இருந்தியோ அப்படியே இருக்க. எனக்குத்தான் வயசாகிப்போச்சு. பக்கத்துல நின்னா அண்ணன் தங்கச்சி மாதிரி இருக்கு தங்கேசு," என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போனான். அவன் கல்யாணத்துக்கு அவள் போய், சாப்பிட்டு, மொய் எழுதி, போட்டோவுக்கும் நின்றுவிட்டு வந்தாள்.

அதற்கு முன்பே ஜெஸிந்தா ஒரு சட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். மனுவைப் போட்ட நாளிலிருந்து அதை அவர்கள் எடுத்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்த நாள்வரை எத்தனை காலம் மேஜைமேல் கிடந்ததோ, அத்தனை காலத்தைப் பிள்ளையின் வயதில் கழித்துக்கொள்ளலாம். செல்வக்கனியின் மனு ஏழு வருஷம் கிடந்திருந்தது. ஜெஸிந்தா ஓடிவந்து வீட்டு வாசலில் நின்று, மூச்சு வாங்கச் சொன்னாள்: "அக்கா, இருபத்தொண்ணு இல்ல, நமக்கு இருபத்தெட்டு வரைக்கும் டைம் இருக்கு! இவளுக்கு இருபத்தெட்டு முடியறதுக்குள்ள தேதி வந்திருச்சுன்னா இவ பேரு நிக்கும்." ராஜபுஷ்பம் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உடம்பு நின்றது நின்றதுதான். அது சட்டத்தைக் கேட்டு நடக்கவில்லை.

தங்கேஸ்வரியின் பிறப்புச் சான்றிதழ்ப்படி இருபத்தெட்டு நிறையும் ஆவணி நெருங்கியபோது, பலகையில் இருந்த தேதிக்கும் அவர்கள் தேதிக்கும் பதினொரு நாள்தான் பாக்கி. தெரு முழுக்க அந்தப் பதினொரு நாளைச் சுமந்துகொண்டு நடந்தது. ஆகஸ்ட் அறிவிப்பில் தேதி அசையவில்லை. செப்டம்பர் அறிவிப்பிலும் அசையவில்லை. பிறந்தநாள் வந்தது, போயிற்று. அக்டோபர் முதல் தேதிக்கான அறிவிப்பில் வரிசை இருபது நாள் முன்னேறி அவர்கள் தேதியைத் தாண்டிப் போய் நின்றது. ஜெஸிந்தா அதைப் பலகையில் எழுதவில்லை. கடையை இழுத்து மூடிவிட்டு, விரல்விட்டு எண்ணிக்கொண்டே அவர்கள் வீட்டுக்கு வந்தாள். பிறந்தநாளைத் தாண்டி நாற்பத்தொரு நாள்.

"மாரிச்செல்விக்கு இருபத்துநாலுல ஏழு போனா பதினேழு. அவளுக்குப் பிரச்சினை இல்ல," என்றாள். அப்புறம் தங்கேஸ்வரியைப் பார்த்தாள்.

ஒரு மாதம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு தெரு கூடி ஒரு யோசனை சொன்னது: காகிதத்துக்குத்தானே இருபத்தெட்டு, பிள்ளைக்கு இருபதுதானே, அதையே சாட்சியமாக வைத்துப் பார்ப்போம். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் அவள் மணிக்கட்டையும் இடுப்பெலும்பையும் பல்லையும் எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்து, எலும்பின்படி வயது இருபதுக்கு மேல், இருபத்தொன்றுக்குக் கீழ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முனீஸ்வரி அளவு நோட்டைக் கொடுத்தாள். இவளுக்கு ஏழு வருஷமாக வயது ஏறவில்லை என்பதை நேரில் அறிவோம் என்று நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். இது ஒரு பக்கம் இருக்க, முறையான காகிதங்களும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன: பாஸ்போர்ட், போலீஸ் சான்று, கல்யாணப் பதிவு, அத்தை தன்னால் இவர்களை ஆதரிக்க முடியும் என்று கையெழுத்திட்ட உறுதி. சண்முகக்கனியும் செல்வக்கனியும் வீட்டில் பிறந்தவர்கள், பிறப்பைப் பதிந்தவர் யாருமில்லை. பதிவில் இல்லை என்பதற்கு நகராட்சியில் ஒரு சான்றும், இவர்கள் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று பெரியவர்கள் இரண்டு பேரின் உறுதிமொழியும் வாங்கினார்கள்.

நேர்காணல் நாள் வர மேலும் ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. மும்பைக்கு ரயிலேறும்போது தங்கேஸ்வரிக்குக் காகிதத்தில் இருபத்தொன்பது. அவர்கள் சொன்ன ஆஸ்பத்திரியில் ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்து, தடுப்பூசிகள் போட்டுக்கொண்டு, மூன்றாம் நாள் காலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், ஆட்கள் நிறைந்த பெரிய கூடத்தில் தங்கள் எண்ணுக்காக நாலு பேரும் காத்திருந்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட அதிகாரி அம்மாள் ஒருத்தி இருந்தாள். பக்கத்தில் தமிழ் பேசும் பெண். வலது கையை உயர்த்தி, சொல்வதெல்லாம் உண்மை என்று நாலு பேரும் சத்தியம் செய்தார்கள். அதிகாரி, அக்காவுக்கு எத்தனை பிள்ளைகள், கடைசியாக ஊருக்கு எப்போது வந்தார், அப்பா பெயர் என்ன, அம்மா பெயர் என்ன என்று கேட்டு, சண்முகக்கனி சொன்னதையும் கோப்பில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். மாரிச்செல்வியிடம் கல்யாணமாகிவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றதும் குறித்துக்கொண்டாள். பிறகு தங்கேஸ்வரியின் பாஸ்போர்ட்டை எடுத்தாள்.

சண்முகக்கனி கண்ணாடியின் கீழிருந்த இடுக்கு வழியாக டாக்டர் சான்றையும் கையெழுத்துக் கட்டையும் தள்ளினார். "அம்மா, இது எங்க தெரு. எல்லாரும் பாத்தது," என்றார்.

அதிகாரி எல்லாத் தாளையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கைநாட்டுகளைப் பார்த்தாள். எக்ஸ்ரேயைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தாள். தங்கேஸ்வரியை வாயைத் திறக்கச் சொல்லவில்லை; ஆனால் வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகப் பேசினாள், தமிழ்ப் பெண் அதைவிட மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

"நீங்க சொல்றதை மேடம் நம்புறாங்க. கண்ணால பாக்குறதாவே சொல்றாங்க. ஆனா சட்டம் உடம்பைக் கேட்கலை. பிறந்த தேதி, மனுப் போட்ட தேதி, ஒப்புதல் தேதி, வரிசை வந்த தேதி, இந்த நாலைத்தான் கேட்குது. அந்தக் கணக்குல இவங்களுக்கு இருபத்தொரு வருஷமும் நாற்பத்தொரு நாளும். உங்க மூணு பேருக்கும் விசா கொடுக்கிறாங்க. இவங்களுக்குக் கொடுக்க முடியலை."

ராஜபுஷ்பம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். "வேற வழியே இல்லையாம்மா?"

"இருக்கு. நீங்க அங்க போய்க் குடியேறின பிறகு, கல்யாணமாகாத மகளுக்குன்னு புதுசா மனுப் போடலாம். அது வேற வரிசை. கடைசியில இருந்து நிக்கணும். எத்தனை வருஷம்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் இவங்க கல்யாணம் பண்ணிக்கக் கூடாது."

"இருப்பா," என்றாள் ராஜபுஷ்பம் உடனே. "எம் பொண்ணு இருப்பா. எட்டு வருஷம் இருந்தவ இன்னும் இருக்க மாட்டாளா? அப்படியே இருப்பான்னு சொல்லும்மா அவங்ககிட்ட."

"இருக்க மாட்டேம்மா," என்றாள் தங்கேஸ்வரி.

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்து ஜன்னலில் நின்றவர்கள்கூடத் திரும்பவில்லை.

"என்னட்டி சொல்ற?"

"போதும்மா. இத்தனை வருஷம் நின்னதுக்கு நான் உங்க யாரையும் ஒண்ணும் சொல்லலை. இனிமே நிக்க மாட்டேன். நீங்க மூணு பேரும் போங்க."

"அப்ப நாங்களும் போகலை," என்றார் சண்முகக்கனி.

"நீங்க போகலைன்னா மாரி போக முடியாதுப்பா. உங்க காகிதத்துலதான் அவ போறா. என்னை மாதிரி இன்னொருத்தியை உக்கார வெச்சிராதீங்க."

மாரிச்செல்வி அவள் கையைப் பிடித்தாள். நாலு வருஷமாகச் சொல்லாமல் விட்டிருந்த "அக்கா" என்ற சொல்லைச் சொன்னாள். அதிகாரி அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

மறுநாள் காலை லாட்ஜில் தலை சீவும்போது தங்கேஸ்வரியின் சீப்பில் முடி வந்தது. எட்டு வருஷமாக ஒரு முடி உதிர்ந்ததில்லை. அன்று மதியம் ரயில் புனேயைத் தாண்டும்போது விரல் நுனிகள் தினவெடுத்தன, நகம் வளர்ந்துகொண்டிருந்தது. சோலாப்பூருக்குள் கடைவாய்ப்பல் ஈறைத் திறந்துகொண்டு மேலே வந்தது, ரத்தம் கசிந்தது, வலி காதுவரை ஏறியது. எதிர் சீட்டில் இருந்த கன்னடக்காரம்மா ஒன்றும் கேட்காமல் தன் பையிலிருந்து கிராம்பு எடுத்துக் கொடுத்தாள். அடுத்த நாள் பகல் முழுக்கப் பொட்டல் காடுகளும் ஆறுகளும் பின்னால் ஓட ஓட, அவளுக்கு இருபத்திரண்டும் இருபத்துமூன்றும் இருபத்துநாலும் வந்தன. முகத்தில் இருந்த உப்பல் வற்றி எலும்பு தெரிந்தது. முழங்கால் மூட்டு விண்ணென்று தெறித்தது. கண்ணுக்குக் கீழே, அவள் பட்டு முடித்த வருத்தங்கள் எல்லாம் தங்கள் இடத்தைத் தேடி வந்து உட்கார்ந்தன. ராஜபுஷ்பம் மகளின் தலையை மடியில் போட்டுக்கொண்டு, மூன்று விரற்கடை, நாலு விரற்கடை என்று நீண்டுகொண்டே வந்த கூந்தலைச் சிக்கெடுத்தபடி இருந்தாள்.

"நான்தான் உன்னைப் பிடிச்சு வெச்சிருந்தேன்," என்றாள், வேறு யாருக்கும் கேட்காமல்.

"தெரியும்மா."

"ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குது. நிறுத்திராதம்மா."

ராஜபுஷ்பம் நிறுத்தவில்லை. கரூர் தாண்டி, காதோரத்தில் ஒரு வெள்ளை முடி வந்தபோது அதைப் பிடுங்காமல், மற்ற முடிகளோடு சேர்த்துப் பின்னினாள்.

தெரு இதையும் எடுத்துக்கொண்டது. ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்தவர்கள் முதலில் மாரிச்செல்வியைத்தான் தேடினார்கள், அப்புறம் பக்கத்தில் அவளைவிடப் பெரியவளாக நின்றவளைப் பார்த்து வழிவிட்டார்கள். அவள் காய்ச்சலோடு படுத்திருந்த ஒன்பது நாளும், முன்பு அவளோடு ஒரு வருஷம் இருபதில் இருந்துவிட்டுப் போன பெண்கள், விருதுநகரிலும் கழுகுமலையிலும் திருத்தங்கலிலும் வாழ்க்கைப்பட்டவர்கள்கூட, இடுப்பில் பிள்ளையோடு ஒவ்வொருவராக வந்து கட்டிலில் உட்கார்ந்தார்கள். கஞ்சி கொடுத்தார்கள். மூட்டுக்கு எண்ணெய் தடவினார்கள். பிரசவமானவளுக்குச் செய்வதுபோல இடுப்பில் துணி சுற்றிவிட்டார்கள். மூத்த கூட்டத்தைச் சேர்ந்த ஒருத்தி, அவள் தாடையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "வந்துட்டா," என்று மட்டும் சொன்னாள்.

விசா ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். ஐந்தாவது மாதம் மூன்று பேரும் கிளம்பினார்கள். மதுரை விமான நிலைய வாசலில் சண்முகக்கனி மகளின் கையில் வீட்டுச் சாவியை வைத்து, அவள் விரல்களைத் தானே மடக்கிவிட்டார். ராஜபுஷ்பம் உள்ளே போன பிறகும் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தாள். காவலாளி இரண்டு தடவை சொன்ன பிறகுதான் நகர்ந்தாள். மாரிச்செல்வி அழுதுகொண்டே போனாள். தங்கேஸ்வரி பஸ் பிடித்து ஊர் திரும்பி, வேலைக்குப் போட்டிருந்த அரைநாள் லீவு முடிவதற்குள் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அவள் தனியாக இருந்தாள். சில நாள் அந்த வீட்டின் அமைதி தாங்காமல் ரேடியோவைப் போட்டுவிட்டுச் சமைத்தாள். பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவரை வேண்டாம் என்றாள், இன்னொருவரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றாள், உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள். அத்தை ஃபோன் பண்ணி, மறுபடி மனுப் போடட்டுமா என்று கேட்டபோது, "லீவுல நீங்க எல்லாரும் வாங்க அத்தை, நான் கறிக்குழம்பு வைக்கிறேன்," என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்த பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, வெயிலில் வியர்த்துப்போய், கையில் படிவக் கட்டோடு வாசலில் நின்றாள். வெளியூர்க்காரி, அந்தத் தெருவைப் பற்றி ஒன்றும் தெரியாதவள். தங்கேஸ்வரி நாற்காலி போட்டு, மோர் கொடுத்தாள்.

"வீட்டுத் தலைவர் பேரு?"

"தங்கேஸ்வரி. நான்தான்."

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"ஒரு ஆள்."

"வயசு?"

தங்கேஸ்வரி வாசற்படியில் கையை ஊன்றிக்கொண்டாள். பதில் வாயில் ஒரு கணம் தங்கி, பிறகு தானாக வெளியே வந்தது.

"முப்பது."

டீச்சர் தலை நிமிராமல் அதை எழுதிக்கொண்டு, வீட்டில் குடிதண்ணீர்க் குழாய் உண்டா என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். தங்கேஸ்வரிக்கு, அவள் இன்னும் ஒரு தடவை வயதைக் கேட்க மாட்டாளா என்று இருந்தது.